மாவாட்டும் சத்தம் வரும்வரை

1

நான் ஓட்டிக் கெடுத்த வண்டியை இன்னொருவர் ஓட்டிக் கெடுத்ததாக எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவருக்கு வேலை போயிற்று. எனக்கு வெளிநாடு கிடைத்தது. இதைச் சுற்றி வளைத்துச் சொல்லும் வயது எனக்குக் கடந்துவிட்டது. அதனால் முதலிலேயே சொல்லிவிட்டேன்.

அவர் பெயர் மருதமுத்து. அரியலூர் பக்கம், ரெட்டிபாளையத்தைத் தாண்டி இருந்த ஒரு சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் ஆபீஸ் கார் டிரைவர். நான் அங்கே வாகனங்களைக் கவனித்துக்கொண்ட இளநிலை என்ஜினியர். எண்பதுகளின் தொடக்கம். அவருக்கும் எனக்கும் ஏறக்குறைய ஒரே வயது. முப்பதைத் தொட்டிருப்போம்.

இத்தனை வருடம் கழித்து இப்போது ஏன் எழுதுகிறேன் என்றால், போன மாதம் எனக்கு ஒரு படிவம் வந்தது.

2

நான் இருப்பது ஜெர்மனியின் தெற்கே ஒரு சிறிய ஊர். இங்கே அரசாங்கக் கடிதம் என்றால் அது ஏதாவது கேட்காமல் இருக்காது. உறைக்குள் இரண்டு தாள்கள். முதல் தாளில் புகார்: காலை ஏழு மணிக்கு என் வீட்டு வாசலில் நின்ற காரின் என்ஜின் தேவையில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது, புகையும் இரைச்சலும் அக்கம்பக்கத்தாருக்குத் தொந்தரவாக இருந்தன. இங்கே அது அபராதத்துக்குரிய குற்றம். நிறுத்தி வைத்தபடி வண்டியைச் சூடாக்கக் கூடாது. ஸ்டார்ட் செய்து உடனே கிளம்பி, மெதுவாக ஓட்டியே சூடாக்க வேண்டும்.

புகார் கொடுத்தது எதிர்வீட்டு ஹெல்கா அம்மாள்தான். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. என்னுடையது இருபது வருடத்துக்கு மேற்பட்ட டீசல் கார். மைனஸ் பதினொன்றில் அது எழுந்தால் தெருவே எழுந்துவிடும். டீசல் என்ஜினில் தீப்பொறி கிடையாது. காற்றை இறுக்கி அழுத்தும்போது பிறக்கும் சூட்டிலேயே டீசல் பற்றிக்கொள்ள வேண்டும். என்ஜின் குளிர்ந்து கிடந்தால் டீசல் கொஞ்சம் தாமதித்து, பிறகு மொத்தமாகச் சேர்ந்து பற்றும். அந்த அடிதான் நமக்குக் கேட்கிறது. சூடு ஏற ஏறத் தாமதம் குறையும், அடியும் மெலியும். இது நான் கல்லூரியில் படித்தது. இதையே இன்னும் நன்றாகச் சொன்னவர் ஒருவர் உண்டு. அவரிடம் பிறகு வருகிறேன்.

இரண்டாவது தாள்தான் படிவம். முதல் கேள்வி: அந்த நேரத்தில் வண்டி யார் பொறுப்பில் இருந்தது? கீழே இரண்டு கட்டங்கள். நான். வேறொருவர். வேறொருவர் என்றால் அவர் பெயரையும் முகவரியையும் எழுத இடம் விட்டிருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை என் மகள் மலர் வந்திருந்தாள். அவள் பிறந்தது இங்கே. தமிழ் பேசுவாள், ஆனால் ஒவ்வொரு சொல்லையும் பெட்டியிலிருந்து எடுத்து வைப்பதுபோலப் பேசுவாள். படிவத்தை வாசித்துவிட்டுச் சொன்னாள்:

"அப்பா, உங்கள் வயதில் இப்படி ஒரு பேப்பர் நல்லது இல்லை. லைசென்ஸ் ஆபீஸ் பார்க்கும். வேறொருவர் என்று என் பெயரைப் போடுங்கள். எனக்கு இது ஒன்றுமே இல்லை."

சொல்லிக்கொண்டே பேனாவையும் எடுத்து நீட்டினாள். அன்பினால்தான். நான் கத்திவிட்டேன்.

"அடுத்தவுங்க பேர எழுதற வேல இந்த வூட்டுல இனிமே வேணாம்!"

அவள் திகைத்துப்போனாள். முப்பத்தைந்து வருடத்தில் அவள் என்னிடம் கேட்டறியாத தமிழ் அது. எனக்கே எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை.

"இது வெறும் படிவம், அப்பா."

"அதுவும் வெறும் பேப்பர்தான்" என்றேன்.

எது என்று அவள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. கொஞ்ச நேரத்தில் கிளம்பினாள். அவள் கார் மின்சாரத்தில் ஓடுவது. அவள் வருவதும் காதில் விழாது, போவதும் காதில் விழாது. ஜன்னலில் எட்டிப் பார்த்தபோது தெரு காலியாக இருந்தது.

நான் என்ற கட்டத்தில் பேனாவால் அழுத்திப் பெருக்கல் குறி போட்டேன்; இங்கே ஆமாம் என்பதற்கு அதுதான் அடையாளம். அன்றைக்குச் சொல்லாததை இங்கே எழுதுகிறேன். ஊரில் இருப்பவர்கள் படிக்கட்டும். மலருக்கு நானே வாசித்துக் காட்டுவேன்.

3

சுரங்கத்து ஆபீஸில் ஒரு வெள்ளை டீசல் கார் இருந்தது. அந்தப் பக்கத்தில் டீசல் கார் அப்போது புதுசு. லாரிக்கும் டிராக்டருக்கும் டீசல் போட்டுப் பழகியவர்கள் காரிலிருந்து அந்தச் சத்தம் வருவதை வேடிக்கை பார்ப்பார்கள்.

மருதமுத்து காலையில் ஷெட்டைத் திறந்து, என்ஜினுக்குள் சூடேற்றும் ஹீட்டர் சுவிட்சைத் திருகி, பத்து எண்ணி, வண்டியை ஸ்டார்ட் செய்வார். ஆக்சிலேட்டரில் காலே வைக்க மாட்டார். கீழே இறங்கிப் பையிலிருந்து ஒரு வெற்றிலையை எடுத்துத் துடைத்து, காம்பு கிள்ளி, சுண்ணாம்பு தடவி, மடித்து வாயில் போட்டுக்கொண்டு பானெட்டின் பக்கத்தில் நிற்பார். அந்த வெற்றிலையை மென்று துப்பிய பிறகுதான் கியர். அவருக்கு நேரம் காட்ட அது போதும், கைக்கடிகாரம் கட்டியதில்லை.

சுரங்கத்து லாரி டிரைவர்கள் விட மாட்டார்கள்.

"என்னா மருதமுத்து, வண்டிக்குப் பல்லு வெளக்கி வுட்டியா? காப்பித்தண்ணி குடுத்தியா?"

"ஒன் வண்டியாட்டம் பல்லு வெளக்காம கெளம்புனா ஊரே மூக்கப் பொத்திக்கும்டா. போடா."

ஒருநாள் நான் பக்கத்தில் நின்று, "என்னத்தக் கேட்டுக்கிட்டு நிக்கிற?" என்று கேட்டேன்.

"இப்பக் கேளுங்க சார். கல்லு ஒடைக்கிறான் பாருங்க. டக்கு டக்குன்னு. கொஞ்சம் பொறுத்தா நெல்லு குத்துவான். அதுக்கப்பறம் மாவாட்டுவான். மாவாட்டற சத்தம் வந்தாத்தான் நாம சொல்றத கேப்பான். அதுக்கு முன்னால மிதிச்சா, கேக்கற மாதிரி கேட்டுட்டு உள்ளுக்குள்ள கருவிக்கிட்டு இருப்பான்."

"அப்ப பத்து நிமிசம் நிக்கவச்சு நல்லா சூடாக்கிட வேண்டியதுதான?"

"அதுவும் ஆவாது சார். நின்னே சூடு ஏத்துனா மேல ஏறும், கீழ ஏறாது. கியர் பாக்ஸு, ஆக்சிலு எல்லாம் பச்சையாவே கெடக்கும். ஒரு வெத்தல நேரம் நிக்கணும். அப்பறம் கேட்டு வரைக்கும் செகண்ட் கியர்ல நடக்க வுடணும்."

குளிர்ந்து கிடக்கும் வண்டிக்கு அவர்கள் சொல்வது பச்சை வண்டி. பச்சை வண்டியை மிதிப்பவன் அவர்கள் கணக்கில் டிரைவரே இல்லை. ஜெர்மானிய நகராட்சி எனக்கு அனுப்பிய தாளில் இருந்த அறிவுரையில் பாதி, மருதமுத்து அன்று பானெட்டில் கை வைத்துக்கொண்டு சொன்னதுதான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எங்கள் குடும்பத்துக்கு நிலம் உண்டு. மருதமுத்துவின் அப்பா எங்கள் வயலில் கூலிக்கு நடவு நட்டவர். அந்தக் குடும்பத்தில் காக்கிச் சட்டை போட்டு, சாவியைப் பையில் வைத்துக்கொண்டு நடந்த முதல் ஆள் மருதமுத்து. தற்காலிக வேலைதான். தை பிறந்ததும் நிரந்தரம் செய்வதாக மேனேஜர் சொல்லியிருந்தார். இதை நான் அறிந்திருந்தேன்.

4

அந்த மார்கழியில் காருக்கு என்ஜின் வேலை பார்த்துத் திருச்சியிலிருந்து கொண்டுவந்திருந்தோம். புது பிஸ்டன், புது பேரிங். புதிதாகக் கோத்த என்ஜின் இறுக்கமாக இருக்கும். முதல் கொஞ்ச காலம் பதமாக ஓட்ட வேண்டும். பச்சையாக இருக்கும்போது மிதித்தால் பிஸ்டன் சீக்கிரம் விரியும். அதைச் சுற்றியுள்ள சிலிண்டர் அவ்வளவு சீக்கிரம் விரியாது. இரண்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். வண்டிகளுக்குப் பொறுப்பான நான் இதை எழுதியே ஷெட்டில் ஒட்டியிருந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் ஜெர்மனியில் பயிற்சிக்குப் போக எனக்கு மெட்ராஸில் நேர்முகத் தேர்வு வந்தது. ஆபீஸில் யாரிடமும் சொல்லவில்லை. வெளியே போக முயல்கிறான் என்று தெரிந்தால் மேனேஜருக்குப் பிடிக்காது. உடம்பு சரியில்லை என்று ஒருநாள் லீவு எழுதினேன். அரியலூரில் விடியற்காலை ரயிலைப் பிடிக்க வேண்டும். மருதமுத்துவிடம் முந்தின நாள் சொன்னேன். தயங்கினார். பிறகு, "சரிங்க சார், வெள்ளென வந்துடறேன்" என்றார்.

விடியும் நேரம். பனியில் சுரங்கத்துச் சுண்ணாம்புத் தூசி நனைந்து எல்லாவற்றின் மேலும் பசையாக ஒட்டியிருந்தது. நான் சவரம் செய்ததில் நேரமாகிவிட்டது. ஷெட்டுக்கு வந்தபோது வண்டி ஸ்டார்ட் ஆகி, கல் உடைத்துக்கொண்டிருந்தது. மருதமுத்து வெற்றிலைக்குக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தார்.

"ஏறு மருதமுத்து, நேரமாச்சு."

"சார், சத்தம் இன்னும் மாறல. புது இன்ஜின் வேற. ஒரே ஒரு வெத்தல நேரம்."

"ரயிலு ஒன் வெத்தலைக்காக நிக்காது. தள்ளு, நான் ஓட்டறேன்."

"வேணாம் சார். நானே பையப் பைய..."

"தள்ளுய்யா."

அவர் தள்ளி உட்கார்ந்தார். கையில் வெற்றிலை அப்படியே இருந்தது. நான் ஷெட்டிலிருந்து வண்டியை எடுத்த எடுப்பிலேயே மிதித்தேன். மூன்றாவது கியரில் கேட்டைத் தாண்டினேன். பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். பாதி வழியில் மருதமுத்து டேஷ்போர்டின் மேல் கையை வைத்தார், காய்ச்சல்காரன் நெற்றியில் வைப்பதுபோல. எனக்கும் சத்தம் கேட்டது. நெல்லும் இல்லாத, மாவும் இல்லாத, இரும்பு இரும்பைச் சுரண்டும் ஒரு சத்தம். கேட்டுக்கொண்டே மிதித்தேன்.

ஸ்டேஷனில் ரயில் நுழைந்துகொண்டிருந்தது. பெட்டியோடு இறங்கி ஓடினேன்.

"சார், சத்தம் சரியில்ல சார்!"

"பாத்து ஓட்டிக்கிட்டுப் போ!"

திரும்பிப் பார்க்காமல் சொன்னேன். அவர் பார்த்துத்தான் ஓட்டியிருப்பார். ஆனால் பாதி வழியில் என்ஜின் இறுகி, பிஸ்டனைத் தாங்கும் ராடு முறிந்து, என்ஜினின் பக்கச்சுவரை உடைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டது. அன்று காலை எட்டு மணிக்கு அந்தக் காரில் மேனேஜர் திருச்சிக்குப் போயிருக்க வேண்டும்.

5

மறுநாள் நான் திரும்பியபோது மருதமுத்து ஷெட்டில் ட்ரிப் ஷீட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வண்டி வெளியே போனால் யார் சொல்லிப் போனது, எங்கே போனது, யார் ஓட்டியது என்று அதில் எழுத வேண்டும். அந்த வரியை மட்டும் எழுதாமல் விட்டிருந்தார்.

"என் பேர எழுதாத மருதமுத்து. லீவு போட்டுட்டுப் போனேன். தெரிஞ்சா ரெண்டு பேருக்கும் வம்பு. புது இன்ஜின் எப்படி ஓடுதுன்னு ரன்னிங் பாக்க நீயா எடுத்ததா எழுதிடு. நான் பாத்துக்கறேன்."

அவர் என்னைப் பார்த்தார். "நீங்க பாத்துக்குவீங்களா சார்?"

"பாத்துக்கறேன்னு சொல்றேன்ல."

எழுதினார். நான் கேட்டது உதவி என்று அன்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவர் அப்பா என் அப்பாவின் வரப்பில் நின்றபடி எத்தனை முறை சரிங்க என்று சொல்லியிருப்பார் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். அந்தப் பழக்கத்தின் மேல் கை வைத்துத்தான் நான் கேட்டேன்.

இரண்டு நாளில் மேனேஜர் அறையில் விசாரணை. நான் நாற்காலியில். மருதமுத்து கதவோரம் நின்றுகொண்டு.

"யாரு சொல்லி வண்டிய எடுத்த?"

"யாரும் சொல்லலைங்க. ரன்னிங் பாக்கலாம்னு நானாதாங்க."

"பச்சை வண்டிய மிதிச்சியா?"

அதற்கு அவரிடமிருந்து பதில் வரவில்லை. அதுவரை எல்லாவற்றுக்கும் நான் சொல்லிக் கொடுத்ததைச் சொன்னவர், அந்த ஒரு பொய்யை மட்டும் வாயில் எடுக்க மறுத்தார். தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். நான் மேசைமேல் இருந்த காகிதத்தைப் பார்த்தேன்.

மேனேஜர் என் பக்கம் திரும்பினார். "அவன் பேச மாட்டான். நீங்க டெக்னிக்கலா என்னன்னு எழுதிக் குடுங்க."

எழுதினேன். அரைப்பக்கம். புதிதாகக் கோத்த என்ஜின் குளிர்ந்த நிலையில் வேகமாக ஓட்டப்பட்டதால் பிஸ்டன் இறுகியது; இது ஓட்டுநரின் அலட்சியம். அந்தக் குறிப்பில் எல்லாம் உண்மை. ஆள் மட்டும் வேறு.

அவரை நிரந்தரம் செய்யவில்லை. அந்த வாரத்தோடு வர வேண்டாம் என்றார்கள். காக்கிச் சட்டையை மடித்து ஷெட்டில் வைத்துவிட்டு வெளியே வந்தபோது என்னிடம் ஒன்றுதான் சொன்னார்.

"பாத்துக்கறேன்னு சொன்னீங்க சார்."

"நேரம் பாத்துப் பேசறேன் மருதமுத்து."

நேரம் வரவே இல்லை. சித்திரையில் எனக்கு விசா வந்தது.

6

இங்கே வந்த முதல் குளிர்காலத்தில் பழைய டீசல் கார் ஒன்று வாங்கினேன். ஒருநாள் என்ஜினில் ஏதோ சத்தம். மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். என்னிடம் இருந்த ஜெர்மன் சொற்கள் ரொட்டி வாங்கப் போதும், என்ஜினைப் பற்றிப் பேசப் போதாது. வாயாலேயே செய்து காட்டினேன். காலையில் இப்படி, கொஞ்ச நேரம் கழித்து இப்படி, சூடான பிறகும் இப்படி மாறவில்லை என்று. கல், நெல், மாவு. மெக்கானிக் சிரித்துக்கொண்டே தானும் ஒரு சத்தம் செய்து காட்டி, இதுவா என்று கேட்டார். அதேதான். பத்து நிமிடத்தில் சரிசெய்தார்.

வீட்டுக்கு வந்து என் மனைவி கமலாவிடம் அதைச் சொல்லிச் சிரித்தேன். இந்தச் சத்தமெல்லாம் யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டாள். ஊரில் ஒரு டிரைவர் என்றேன். பெயர் கேட்டாள். எனக்கு நினைவில்லை என்றேன்.

அவர் பெயரை அப்படியும் ஒருமுறை மறைத்தேன்.

7

எண்பதுகளின் கடைசியில் தம்பி கல்யாணத்துக்காக ஊருக்கு வந்தேன். கமலாவிடம் அதற்குள் எல்லாவற்றையும் சொல்லியிருந்தேன். "போயி அவரப் பாக்காம திரும்பி வராதீங்க" என்று விமான நிலையத்தில் சொன்னாள். மலர் அவள் இடுப்பில் இருந்தாள்.

நடந்ததைத் தமிழில் ஒரு பக்கம் எழுதி, கையெழுத்திட்டு, சட்டைப்பையில் வைத்திருந்தேன். மருதமுத்து அரியலூரில் இல்லை. பெரம்பலூரில் இருக்கிறார் என்றார்கள். பஸ்ஸில் போய் விசாரித்து, ஊர் ஓரத்தில் ஓட்டுவீடு ஒன்றின் முன்னால் நின்றேன். ஒரு பெண் முறத்தில் சின்ன வெங்காயம் ஆய்ந்துகொண்டிருந்தார். அவர் மனைவி பவுனம்மா.

"யாருங்க வேணும்?"

"மருதமுத்துவப் பாக்கணும். நான் சுரங்கத்துல என்ஜினியரா இருந்தவன்."

அவர் கை நின்றது. என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஓ. பாத்துக்கறேன்னு சொன்னவுரா?"

ஏழு வருடமாக அந்த வீட்டில் எனக்கு அதுதான் பெயர்.

மருதமுத்து பக்கத்துக் கொல்லையில் கிணற்று என்ஜினைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தார். தலை நரைக்கத் தொடங்கியிருந்தது. என்னைக் கண்டதும் எழுந்தார். பிறகு எழ வேண்டியதில்லை என்று நினைத்தவர்போல மறுபடி உட்கார்ந்தார்.

"வாங்க. எப்ப வந்தீங்க?"

சார் இல்லை. அது எனக்கு ஒருவிதத்தில் ஆறுதலாக இருந்தது. மண்ணில் அவர் எதிரில் உட்கார்ந்து, நான் செய்தது தப்பு என்றேன். காகிதத்தை எடுத்து நீட்டினேன். அவர் எண்ணெய்க் கையைத் துடைக்கவே இல்லை.

"பேப்பர் வேணாங்க. பேப்பராலதான போச்சு."

"வேற என்ன செய்யணும்னு சொல்லு... சொல்லுங்க."

கொஞ்ச நேரம் ஸ்பானரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"வேல போனது போவட்டும். இந்த இன்ஜின் வேல எனக்கு சோறு போடுது. வாரத்துல ரெண்டு நாளு, திங்களும் வெள்ளியும், சிறுவாச்சூர் கோயிலுக்கு ஆளுங்கள ஏத்திக்கிட்டு வேன் ஓட்டறேன். அதுவும் இங்க என்னத் தெரியாதவுரு வண்டிங்கறதால. அரியலூர்ல ஒருத்தரும் டீசல் வண்டி சாவியக் கையில குடுக்கலீங்க. ஒரு ஓனரு என் மூஞ்சிக்கு நேராவே கேட்டாரு, 'பச்சை வண்டிய மிதிச்ச மருதமுத்துவா?'ன்னு. நான் மிதிச்சனா? நீங்க சொல்லுங்க. நான் மிதிச்சனா?"

"இல்ல."

"இத எங்கிட்ட சொல்லி என்னா ஆவுது? எனக்குத்தான் தெரியுமே. அரியலூரு கார் ஸ்டாண்டுல வந்து சொல்லுங்க. வாயால சொல்லுங்க."

மறுநாள் வெள்ளிக்கிழமை, கோயில் சவாரி இருந்தது. சனிக்கிழமை போவதென்று முடிவாயிற்று.

8

சனிக்கிழமை அந்த வேனிலேயே அரியலூருக்குப் போனோம். வழியெல்லாம் சாலையைப் பற்றி மட்டும் பேசினார். ஸ்டாண்டில் வேப்பமரத்தடியில் ஏழெட்டு டிரைவர்கள் டீக்கிளாஸோடு நின்றார்கள். அவர்களில் மூத்தவர் காதர் பாய் என்று ஒருவர். மருதமுத்து என்னை அவர்கள் முன்னால் நிறுத்திவிட்டுத் தான் ஓரமாகப் போய் நின்றுகொண்டார்.

எத்தனையோ கூட்டங்களில் பேசியவன் நான். அங்கே அவர்கள் கையிலிருந்த டீக்கிளாஸ்களைப் பார்த்துக்கொண்டுதான் பேச முடிந்தது. "சுரங்கத்து வெள்ளைக் கார ஒடச்சது மருதமுத்து இல்ல. நான்தான். அவரு வேணாம் வேணாம்னு சொன்னாரு. நான் பச்சை வண்டிய மிதிச்சேன். அப்பறம் அவரு மேல எழுதிக் குடுத்தேன்." இவ்வளவுதான் சொன்னேன். சொல்லி முடிக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

காதர் பாய் கிளாஸைக் கவிழ்த்து மீதியைக் கொட்டினார்.

"இதச் சொல்ல ஏழு வருசமா சார்? ரயில் புடிக்கறதுக்கு மட்டும் அவ்ளோ அவசரம்."

சிலர் சிரித்தார்கள். நானும் சிரிக்கப் பார்த்தேன், வரவில்லை.

"எங்களுக்குத் தெரியாததுன்னு நெனச்சீங்களா? இவன் வெத்தல மென்னு முடிக்காம கல்யாண ஊர்வலத்துக்கே வண்டி எடுக்க மாட்டான். மாப்ள கீழ எறங்கி நின்னுக்கிட்டிருந்தாரு. எவனோ ஆபீசர் மிதிச்சிருக்கான்னு அன்னிக்கே பேசிக்கிட்டோம். சரி, எங்களுக்குத் தெரிஞ்சு என்னா பிரயோஜனம்? சாவி எங்ககிட்டயா இருக்கு? ஓனருங்ககிட்ட வந்து சொல்வீங்களா?"

போனேன். அன்று காலை மூன்று ஓனர்களிடம் சொன்னேன். ஒருவர் அரிசி மில்லில், ஒருவர் துணிக்கடையில், ஒருவர் தன் வீட்டு வாசலில். துணிக்கடைக்காரர்தான் மருதமுத்துவை நேருக்கு நேர் கேட்டவர் என்று பிறகு தெரிந்தது. நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, "அட, அப்படியா" என்று மட்டும் சொன்னார். ஒவ்வொரு இடத்திலும் சொல்வது கொஞ்சம் எளிதாகிக்கொண்டே வந்தது. அப்படி எளிதாவதுதான் எனக்கு வெட்கமாக இருந்தது.

சுரங்கத்து ஆபீஸுக்கும் போனோம். மேனேஜர் மாறியிருந்தார். கிளார்க் எழுத்தில் மனு கேட்டார். மருதமுத்து வேண்டாம் என்ற அதே காகிதத்தின் கீழே தேதி போட்டுக் கொடுத்துவிட்டு வந்தேன். ஜெர்மனிக்கு அதன் பதில் வர இரண்டு மாதமாயிற்று. பழைய விவகாரம், கோப்பு முடிக்கப்பட்டது, மேல்நடவடிக்கைக்கு இடமில்லை. மூன்று வரி.

மாலையில் வேனுக்குத் திரும்பினோம். மதியத்திலிருந்து நின்றதில் என்ஜின் ஆறிப்போயிருந்தது. மருதமுத்து சாவியை என்னிடம் நீட்டினார்.

"எடுங்க வண்டிய."

"நானா?"

"நீங்கதான்."

அவர் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தார். அன்று உட்கார்ந்த அதே பக்கம். நான் ஸ்டார்ட் செய்தேன். காலை ஆக்சிலேட்டரில் வைக்காமல் கீழே வைத்துக்கொண்டேன். வேன் முழுவதும் அதிர, கல் உடைக்கத் தொடங்கியது. அவர் வெற்றிலையை எடுக்கவில்லை. நான் காதால்தான் கண்டுபிடிக்க வேண்டும் என்று புரிந்தது. சத்தம் கொஞ்சம் தணிந்ததும் கியரில் கை வைத்தேன்.

"இன்னும் நெல்லுதான்" என்றார்.

கையை எடுத்துக்கொண்டேன். எதிரே ஒரு பஸ் வந்து ஆட்களை இறக்கி, ஏற்றிக்கொண்டு போயிற்று. பிறகு அந்தச் சத்தம் வந்தது. ஒரே சீராக, கனமாக, வட்டம் சுற்றும் சத்தம். அவரைப் பார்த்தேன். அவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். கியரைப் போட்டேன். ஊர் எல்லை வரை செகண்டிலேயே நடக்கவிட்டேன்.

மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

9

அடுத்த குளிர்காலத்தில் பெரம்பலூரிலிருந்து ஓர் ஏர்மெயில் கடிதம் வந்தது. கையெழுத்து வேறு யாருடையதோ, மருதமுத்து சொல்லச் சொல்ல யாரோ எழுதியிருந்தார்கள். துணிக்கடைக்காரர் புதிதாக டீசல் கார் வாங்கி, தன்னை வந்து ஓட்டச் சொல்லி ஆள் அனுப்பினார் என்றும், இரண்டு நாள் யோசித்து, வர முடியாது என்று சொல்லிவிட்டதாகவும் இருந்தது. "கூப்பிட்டாங்கல்ல, அது போதும்" என்று ஒரு வரி. சுரங்கத்து வேலை என்னால் திரும்பவில்லை. அந்த ஏழு வருடமும் திரும்பவில்லை. இதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

கடிதத்தின் கீழே ஒரு கேள்வி இருந்தது. "உங்க ஊர்ல தண்ணியே கல்லாப் போயிடுமாமே. அங்க டீசல் வண்டிய எப்படி ஸ்டார்ட் பண்றீங்க?"

நான் நான்கு பக்கம் பதில் எழுதினேன். குளிரில் டீசலே கெட்டிப்படும், அதற்காகக் குளிர்காலத்தில் வேறு டீசல் விற்கிறார்கள், ஹீட்டரை எவ்வளவு நேரம் போட வேண்டும், எந்த எண்ணெய் ஊற்ற வேண்டும் என்று படம் போட்டு எழுதினேன். எந்த ஆபீஸ் குறிப்பையும் அவ்வளவு கவனமாக எழுதியதில்லை.

ஒரு மாதத்தில் அஞ்சலட்டை அளவே உள்ள பதில் வந்தது. "நாலு பக்கம் எழுதினீங்க சார். எத்தன வெத்தல நேரம்னு எழுதலியே."

சார் திரும்ப வந்திருந்தது. அதைக் கமலாவிடம் காட்டினேன்.

மறுநாள் காலை மைனஸ் பதினான்கு. இந்த ஊரில் வெற்றிலைக்கு எங்கே போவது? கறுப்பு ரொட்டியின் காய்ந்த ஓரத்தை வெற்றிலை அளவுத் துண்டுகளாகப் பிய்த்துக்கொண்டு போய்க் காரில் உட்கார்ந்து, ஸ்டார்ட் செய்து, மெல்லத் தொடங்கினேன். ஜன்னலிலிருந்து கமலா பார்த்துச் சிரித்தாள். முதல் துண்டு முடிந்தபோது கல். இரண்டாவது முடிந்தபோது நெல். மூன்றாவது பாதியில் சத்தம் மாறியது.

மூணு என்று எழுதி அனுப்பினேன்.

அதற்கு வந்த பதிலில் ஒரே ஒரு வரிதான் இருந்தது. "மூணு சரிதான். அதுக்கு முன்னால மிதிச்சிடாதீங்க."